நிற்கும் பாதம் வேறு, நடக்கும் பாதம் வேறு

சாதாரண வேகத்தில் நடக்கும்போது ஒரு பாதம் தரையில் பதிந்திருக்கும் நேரம் ஏறக்குறைய 0.6 நொடிதான். அதற்குள் அது இரண்டு வேலைகளை முடித்தாக வேண்டும். குதிகால் தரையைத் தொட்டதும் பாதம் தளர்ந்து, உடல் எடையை வாங்கிக்கொண்டு, மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்க வேண்டும். அடுத்த கணமே அதே பாதம் விறைத்துக் கெட்டியாகி உடலை முன்னால் உந்தித் தள்ள வேண்டும். முதல் வேலைக்கு நெகிழ்வு வேண்டும், இரண்டாவதற்கு உறுதி வேண்டும். ஒன்றுக்கொன்று நேரெதிர்.

பாதத்தின் அமைப்பு நடையை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விக்கான விடை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. தளர வேண்டிய நேரத்தில் பாதம் தளர்கிறதா, இறுக வேண்டிய நேரத்தில் இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டையா, வளைந்ததா என்பது அதற்கு அடுத்தபடிதான். ஈரக் காலோடு தரையில் நின்று, தடத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத் தட்டைப் பாதம் என்று பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்தில் பெரும்பகுதி தேவையற்றது. அதே சமயம், உண்மையிலேயே டாக்டரிடம் காட்ட வேண்டிய சில பாதங்களை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டுமானால், முதலில் பாதம் எப்படி வேலை செய்கிறது என்பது புரிய வேண்டும்.

வளைவுகள்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து 52, அதாவது உடலில் உள்ள 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு. மூட்டுகள் பாதத்துக்கு 33. இத்தனை சிறு துண்டுகளால் ஆனதால்தான் பாதத்தால் நெகிழ முடிகிறது.

உள்ளங்காலின் உள்பக்கம், குதிகாலில் தொடங்கிப் பெருவிரலின் அடிவரை ஒரு வளைவு போகிறது. பாத வளைவு என்று பொதுவாக நாம் சொல்வது இதைத்தான். வெளிப்பக்கம் சுண்டுவிரலை நோக்கி இன்னொன்று உண்டு. அது மிகத் தாழ்வானது, நிற்கும்போது கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது வளைவு பாதத்தின் குறுக்கே, இடமிருந்து வலமாகப் போகிறது. இதை நீண்ட காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுசூதன் வெங்கடேசன் குழுவினர் 2020இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வுதான் அதன் மதிப்பைக் காட்டியது. பாதம் நீளவாக்கில் மடங்காமல் நிற்பதற்கான விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தக் குறுக்கு வளைவில் இருந்து வருகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஒரு தாளை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தொங்கிவிடும். பிடித்திருக்கும் முனையைக் குறுக்கே சற்றுக் குழித்துப் பிடித்தால் தாள் முழுவதும் விறைத்து நிற்கும். பாதத்தில் நடப்பதும் அதேதான். தட்டையாகத் தெரிகிற பாதம்கூடச் சிலரிடம் உறுதியாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். உள்வளைவு தாழ்ந்திருந்தாலும் குறுக்கு வளைவு நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு.

இந்த வளைவுகளைத் தாங்கி நிற்பவை மூன்று. ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும் எலும்புகளின் வடிவம். அவற்றைக் கட்டிப் பிடிக்கும் நார்கள். அவற்றில் முக்கியமானது குதிகாலில் இருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் விரிந்து கிடக்கும் தடித்த நார்ப்படலம். அப்புறம் தசைகள். தசைகளில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் மறுபடி வரும்: டிபியாலிஸ் போஸ்டீரியர். முழங்காலுக்குக் கீழே ஆழத்தில் தொடங்கி, உள் கணுக்காலின் பின்னால் இறங்கி, உள்வளைவின் அடியில் போய்ப் பிடிக்கிறது. நடக்கும்போது வளைவைத் தூக்கிப் பிடிக்கும் முக்கியமான தசை இதுதான்.

ஒரு காலடிக்குள்

ஒரு குதிகால் தரையைத் தொட்டதில் இருந்து அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும்வரை ஒரு நடைச் சுற்று. அதில் சுமார் 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில் இருக்கும், மீதி 40 சதவீதம் காற்றில் வீசி முன்னால் வரும். நடக்கும்போது தரை நம் மேல் தரும் விசை உச்சத்தில் உடல் எடையைவிடச் சற்றே அதிகம். ஓடும்போது அது இரண்டு மூன்று மடங்காகிவிடும்.

பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலின் வெளியோரம்தான் முதலில் தரையைத் தொடுகிறது. செருப்பின் குதிப்பகுதி பின்னால் வெளியோரமாகத் தேய்வது இதனால்தான். இந்தத் தேய்மானத்தைப் பார்த்துவிட்டுத் தன் நடையில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. ஒரு செருப்பு மட்டும் மற்றதைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தாலோ, உள்பக்கம் முழுக்க நசுங்கியிருந்தாலோதான் கவனிக்க வேண்டும்.

தொட்ட உடனே பாதம் உள்பக்கமாகச் சரிகிறது. குதிகால் எலும்பு உள்ளே சாய்கிறது, வளைவு கொஞ்சம் தாழ்கிறது, முன்பாதம் லேசாக வெளியே திரும்புகிறது. மூன்றும் சேர்ந்த இந்த அசைவுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ப்ரோனேஷன். தமிழில் உட்சரிவு என்று வைத்துக்கொள்ளலாம். காலணி விற்பவர்கள் இந்தச் சொல்லை ஒரு நோயின் பெயர்போல ஆக்கிவிட்டார்கள். அதில் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு. உட்சரிவு ஆரோக்கியமான எல்லாப் பாதங்களிலும் ஒவ்வொரு அடியிலும் நடக்கிறது. அது இல்லாவிட்டால் தரையின் அதிர்ச்சி நேராக முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறிவிடும்.

பிறகு உடல் பாதத்தின் மேலாகக் கடந்து முன்னால் போகும்போது அசைவு திரும்புகிறது. குதிகால் மெல்ல நிமிர்ந்து வெளிப்பக்கம் சாய, வளைவு எழும்பி, நடுப்பாதத்தின் மூட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இது சூப்பினேஷன், அதாவது வெளிச்சரிவு. கெண்டைக்கால் தசை குதிகாலைத் தூக்கும்போது பாதம் ஒரே கட்டையாக நின்றால்தான் அந்த விசை வீணாகாமல் தரைக்குப் போய்ச் சேரும்.

இந்த இறுக்கத்துக்கு உள்ளங்கால் நார்ப்படலம் செய்யும் உதவியை 1954இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்து, கையால் பெருவிரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். உள்வளைவு தானாக எழும்பும். நார்ப்படலம் விரலின் அடிமூட்டைச் சுற்றிப் போய்ப் பிடித்திருக்கிறது. விரல் மேலே மடங்கும்போது அது அந்த மூட்டின்மேல் சுற்றி இழுபடுகிறது, குதிகாலும் விரலடியும் நெருங்குகின்றன, வளைவு உயர்கிறது. நடக்கும்போது குதிகால் எழும்பினாலே விரல்கள் மடங்கும். ஆகவே எந்தத் தசையும் தனியாக முயற்சி எடுக்காமலே, தள்ள வேண்டிய அதே நேரத்தில் பாதம் தானே இறுகிக்கொள்கிறது. எனக்குத் தெரிந்து உடலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாடுகள் அதிகம் இல்லை. பெருவிரல் மூட்டு விறைத்துப் போனவர்கள் நடக்கச் சிரமப்படுவதற்குக் காரணமும் இங்கேயே கிடைக்கிறது. விரல் மடங்காது, நார் இழுபடாது. பாதத்தை வெளியே திருப்பியோ வெளியோரத்தை ஊன்றியோதான் அவர்களால் அடியெடுத்து வைக்க முடியும்.

பாதத்தில் இருந்து இடுப்புவரை

கணுக்கால் மூட்டுக்குச் சற்றுக் கீழே, குதிகால் எலும்புக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் டேலஸ் எலும்புக்கும் நடுவே இன்னொரு மூட்டு இருக்கிறது. உட்சரிவும் வெளிச்சரிவும் பெரும்பாலும் நடப்பது அங்கேதான். அந்த மூட்டின் அச்சு நேராக இல்லாமல் சாய்ந்திருக்கிறது; சராசரியாகத் தரையில் இருந்து 42 டிகிரி மேல்நோக்கி, பாதத்தின் நடுக்கோட்டில் இருந்து 16 டிகிரி உள்நோக்கி. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். இப்படிச் சாய்ந்திருப்பதால் ஒரு விளைவு: குதிகால் உள்ளே சாய்ந்தால் அதன் மேலிருக்கும் கணைக்கால் எலும்பும் சேர்ந்து உள்பக்கம் சுழலும். குதிகால் நிமிர்ந்தால் அதுவும் வெளியே சுழலும்.

இதை இப்போதே எழுந்து நின்று பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்து நில்லுங்கள். பாதங்களை அசைக்காமல் இடுப்பையும் உடம்பையும் மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். வலது பாதத்தின் உள்வளைவு உயரும், எடை அதன் வெளியோரத்துக்குப் போகும். இடது பாதம் உள்ளே சரிந்து தட்டையாகும். இடப்பக்கம் திரும்பினால் இதெல்லாம் அப்படியே மாறும். பாதத்தில் நீங்கள் எதுவும் செய்யவில்லை. மேலே இடுப்பு திரும்பியதற்குக் கீழே வளைவு பதில் சொல்கிறது.

இந்தத் தொடர்பு இரண்டு திசையிலும் போகும். பாதம் அதிகமாக உள்ளே சரிந்தால் கணைக்கால் உள்ளே சுழன்று, முழங்காலும் உள்நோக்கிப் போகக்கூடும். இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் பலவீனமாக இருந்தாலோ தொடை எலும்பே பிறவியில் உள்பக்கம் முறுக்கியிருந்தாலோ, முழங்கால் உள்ளே போய்க் கடைசியில் பாதம் தட்டையாகத் தெரியலாம். முழங்கால் வலிக்குப் பாதத்தை மட்டும் பார்ப்பதும், தட்டைப் பாதத்துக்குக் காலணிக்குள் வைக்கும் உள்பட்டையை மட்டும் தருவதும் பல நேரம் பாதி வேலையாக நின்றுவிடுவது இதனால்தான்.

தட்டை, உயர்வு, நடுத்தரம்

பாதங்களை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். நிஜத்தில் அது ஒரு தொடர்கோடு. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது.

உள்வளைவு தாழ்ந்த பாதத்தில், நடக்கும்போது குதிகால் உள்ளே சாய்வது கொஞ்சம் அதிகமாகவும், அது நிமிர்வது கொஞ்சம் தாமதமாகவும் இருக்கலாம். உள்ளங்காலின் நடுப்பகுதியும் எடை தாங்கும். முன்பாதம் வெளியே திரும்பியிருப்பதால் சிலர் விரல்களை அகட்டி வைத்து நடப்பதுபோலத் தெரியும். தசைகளின் மின்செயல்பாட்டை அளந்த ஆய்வுகளில், தட்டைப் பாதம் உள்ளவர்களிடம் நடக்கும்போது டிபியாலிஸ் போஸ்டீரியர் கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. நார்களும் எலும்புகளும் தாங்காத பங்கைத் தசை தாங்குகிறது. பலருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நீண்ட தூரம் நடந்தால் சிலருக்கு உள் கணுக்கால் பக்கமும் கெண்டைக்காலும் சோர்ந்து வலிக்கும். அந்தச் சோர்வுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வளைவு உயர்ந்த பாதம் வேறு மாதிரி. தரையோடு அதன் தொடர்பு குறைவு. எடை முழுவதும் குதிகாலிலும் விரல்களுக்குக் கீழே உள்ள முன்பந்திலும் குவியும். அந்த இடங்களில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். பாதம் விறைப்பாக இருப்பதால் தள்ளும் வேலையை எளிதாகச் செய்யும், அதிர்ச்சி வாங்கும் வேலையில்தான் சிரமப்படும். எடை வெளியோரத்தில் நிற்பதால் கணுக்கால் வெளிப்பக்கம் புரள்வதும் சுளுக்குவதும் இவர்களுக்கு அதிகம். தட்டைப் பாதம் என்றால் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், உயர்ந்த வளைவைப் பார்த்தால் அழகான பாதம் என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டில் அதிகக் கவனம் தேவைப்படுவது பின்னதற்குத்தான். மிக உயர்ந்த வளைவு, அதிலும் வயது ஏற ஏற உயர்ந்துகொண்டே போவது, சில நேரம் நரம்பு நோயின் அறிகுறி. சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய் பலரிடம் இப்படித்தான் முதலில் வெளிப்படும்.

தட்டைப் பாதத்திலும் ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது. நிற்கும்போது தட்டையாகி, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நின்றால் வளைவு திரும்ப வரும் பாதம் நெகிழ்வானது. எப்படி நின்றாலும் தட்டையாகவே இருப்பது விறைத்தது. முன்னதில் இறுகும் ஏற்பாடு வேலை செய்கிறது, பின்னதில் இல்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, குதிகால்களைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். யாராவது பின்னால் நின்று பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. குதிகால்கள் எழும்பும்போது இரண்டின் அடிப்பக்கமும் சற்று உள்நோக்கித் திரும்ப வேண்டும்; வெளிச்சரிவில் குதிகால் வெளிப்பக்கம் சாய்வது பின்னால் இருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும்.

கெண்டைக்கால் என்ற மறைமுகக் காரணம்

கனடா ராணுவத்துக்காக ஹாரிஸ், பீத் என்ற இரண்டு மருத்துவர்கள் 3,600க்கும் மேற்பட்ட வீரர்களின் பாதங்களைப் பரிசோதித்து 1947இல் அறிக்கை தந்தார்கள். தட்டைப் பாதம் இருந்தால் நல்ல சிப்பாயாக முடியாது என்று பரவலாக நம்பிய காலம் அது. நெகிழ்வான தட்டைப் பாதம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. தட்டைப் பாதத்தோடு, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் குறுகியிருந்தவர்கள்தான் அவதிப்பட்டார்கள்.

காரணம் யோசித்தால் எளிது. பாதம் தரையில் பதிந்திருக்க, உடல் அதைக் கடந்து முன்னால் போக வேண்டுமானால், கணைக்கால் கணுக்காலின் மேல் 10 டிகிரி அளவுக்காவது முன்னால் சாய வேண்டும். கெண்டைக்கால் இறுகியிருந்தால் அந்தச் சாய்வு கிடைக்காது. அப்போது உடல் வேறு வழி தேடும். சிலர் குதிகாலைச் சீக்கிரமே தூக்கித் துள்ளுவதுபோல நடப்பார்கள், சிலர் பாதத்தை வெளியே திருப்பிக்கொள்வார்கள். நெகிழ்வான பாதம் உள்ளவர்களிடம் நடுப்பாதமே மடங்கி, கணுக்காலில் கிடைக்காத அசைவை வளைவு இறங்கி ஈடுகட்டும். இப்படி அடிக்கு அடி நடுப்பாதம் மடங்கினால் நார்கள் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். பாதம் சரிகிறது என்று வருபவரின் கெண்டைக்காலை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். சுவரில் இருந்து பெருவிரல் சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்குமாறு நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். ஒரு காலில் முடிந்து மறு காலில் முடியாவிட்டால் அதையும் கவனியுங்கள். முழங்காலைப் பெருவிரலுக்கு உள்பக்கம் விழ விடாமல், இரண்டாவது விரலுக்கு நேராகக் கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் வளைவை இறக்கிக் கணுக்காலை ஏமாற்றிவிடுவோம்.

எப்படி அளக்கிறார்கள்

பாதத்தின் அமைப்பை அளக்கப் பல முறைகள் உண்டு. ஈரத் தடம் மிகப் பழையது. உள்ளங்காலின் சதை எவ்வளவு என்பதையும் அது சேர்த்தே காட்டிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. அந்தோணி ரெட்மண்ட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட பாத நிலைக் குறியீடு இப்போது பரவலாகப் பயன்படுகிறது. நிற்கும் ஒருவரின் பாதத்தில் ஆறு இடங்களைப் பார்த்தும் தொட்டும், ஒவ்வொன்றுக்கும் −2 முதல் +2 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் −12க்கும் +12க்கும் நடுவே எங்கேயாவது வரும். கூட்டல் பக்கம் உட்சரிவு, கழித்தல் பக்கம் வெளிச்சரிவு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், 0 முதல் +5 வரை இயல்பு என்று வைத்திருப்பதுதான். ஆரோக்கியமான வயது வந்தவர்களின் சராசரி +4 அளவில் வருகிறது. அதாவது லேசாக உள்ளே சரிந்த பாதம்தான் மனித இயல்பு. நூல் பிடித்தாற்போல நேராக நிற்கும் குதிகால் பாடப் படங்களில்தான் அதிகம்.

ஆனால் இந்த அளவீடுகள் ஆள் நிற்கும்போது எடுப்பவை. நடக்கும்போது பாதம் என்ன செய்யும் என்பதை அவற்றை வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம்? ஓரளவுக்குத்தான். தட்டையான பாதங்களில் குதிகால் அசைவு சராசரியாகச் சற்று அதிகம் என்பது உண்மை. தனி ஒருவரைப் பார்த்து, இப்படி நிற்கிறார், ஆகவே இப்படித்தான் நடப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. தசைகளின் பலம், வேகம், எடை, இடுப்பு, பழக்கம் எல்லாம் நடையில் கலந்திருக்கின்றன.

காயம் வருமா, வராதா என்பதிலும் இதே கதைதான். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த 246 காலாட்படை வீரர்களின் பாத வளைவை அளந்து, பயிற்சி முடியும்வரை கவனித்தார்கள். மிகத் தட்டையான பாதம் உள்ளவர்களுக்குத்தான் காயம் மிகக் குறைவு. டென்மார்க்கில் புதிதாக ஓட ஆரம்பித்த 927 பேருக்கு ஒரே மாதிரியான சாதாரண ஓட்டக் காலணியைத் தந்து ஓர் ஆண்டு பின்தொடர்ந்தபோதும், உள்ளே சரிந்த பாதங்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. பாத வடிவத்தைப் பார்த்து அதற்கேற்ற காலணி தருவதால் காயம் குறைகிறதா என்று அமெரிக்கப் படைப் பிரிவுகளில் சோதித்தார்கள், குறையவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், உட்சரிவு அதிகமுள்ள பாதத்துக்கும் கணைக்கால் முன்பக்க வலிக்கும், முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலிக்கும் ஒரு சிறு தொடர்பு தெரிகிறது. அதைப் புறக்கணிக்கவும் வேண்டாம், பெரிதுபடுத்தவும் வேண்டாம்.

குழந்தைகளின் பாதம்

நடக்கத் தொடங்கும் குழந்தைகள் எல்லோருக்கும் பாதம் தட்டைதான். உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருக்கும், நார்கள் தளர்வாக இருக்கும். வளைவு முதல் பத்து ஆண்டுகளில் மெல்ல உருவாகும். மூன்று வயதுக் குழந்தையின் பாதம் தட்டையாக இருக்கிறது என்று விசேஷக் காலணி வாங்கிப் போடுவதில் பயன் இல்லை. 1989இல் வெளியான ஒரு சோதனையில், நெகிழ்வான தட்டைப் பாதமுள்ள குழந்தைகளில் சிலருக்குச் சீர்திருத்தக் காலணியும் உள்பட்டையும், சிலருக்கு எதுவும் தராமலும் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லாக் குழந்தைகளின் பாதமும் வளர வளர மேம்பட்டது, குழுக்களுக்கு நடுவே வித்தியாசம் இல்லை. ராவ், ஜோசப் என்ற எலும்பு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களைப் பார்த்து 1992இல் எழுதிய கட்டுரையும் இங்கே பொருந்தும். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். பாதுகாப்பான இடத்தில் குழந்தை வெறுங்காலோடு ஓடி விளையாடட்டும். அதன் பாதத் தசைகளுக்கு வேண்டிய வேலை அதிலேயே கிடைத்துவிடும்.

குழந்தை வலி என்று சொன்னாலோ, ஒரு பாதம் மட்டும் வேறு மாதிரி இருந்தாலோ, குதிகாலைத் தூக்கினாலும் வளைவு வராவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்

பெரியவர்களில் நான் தவறவிடக் கூடாது என்று சொல்வது ஒன்று உண்டு. இதுவரை நன்றாக இருந்த ஒரு பாதம் சில மாதங்களில் இறங்க ஆரம்பிப்பது. நடுவயதில், குறிப்பாகப் பெண்களிடம், டிபியாலிஸ் போஸ்டீரியரின் தசைநாண் தேய்ந்து பலம் இழக்கும்போது இது நடக்கும். முதலில் உள் கணுக்காலின் பின்னால் வலியும் வீக்கமும் வரும். அப்புறம் வளைவு தாழும். பின்னால் நின்று பார்த்தால் அந்தப் பாதத்தில் மட்டும் வெளிப்பக்கம் கூடுதல் விரல்கள் தெரியும், ஏனென்றால் முன்பாதம் வெளியே திரும்பிவிட்டது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால் முடியாது, அல்லது தூக்கினாலும் குதிகாலின் அடிப்பக்கம் உள்ளே திரும்பாது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்துவது இதில்தான் அதிகம் நடக்கிறது. தொடக்கத்தில் பிடித்தால் உள்பட்டையும் பயிற்சியுமே பெரும்பாலும் போதும். முற்றவிட்டால் பாதம் விறைத்து, அறுவை சிகிச்சைவரை போகலாம்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இன்னும் அவசரம். வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்றி நடக்கக் கூடாது.

கர்ப்பத்தின்போது, முக்கியமாக முதல் கர்ப்பத்தில், வளைவு சற்று இறங்கிப் பாதம் கொஞ்சம் நீள்வதும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகும் அது அப்படியே நிலைத்துவிடலாம். செருப்பு அளவு மாறிவிட்டது என்றால் அது இயல்புதான், அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்

வலியோ தொல்லையோ இல்லாத பாதத்துக்கு, அது எந்த வடிவில் இருந்தாலும், எதுவும் செய்ய வேண்டியதில்லை. வலி இருந்தால் உள்பட்டை உதவலாம். பல பேருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. ஆனால் அது பாதத்தின் வடிவத்தை நிரந்தரமாக மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; எந்தத் திசுவின்மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பதைத்தான் அது மாற்றுகிறது. புதிதாக உள்பட்டை போடுபவர்கள் முதல் நாளே முழு நேரமும் அணியாமல், ஒரு மணி நேரத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

பயிற்சியில் என் முதல் தேர்வு குதிகால் தூக்குவதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களிலும் நின்று, குதிகால்களை மெதுவாகத் தூக்கி, மேலே ஒரு நொடி நிறுத்தி, தூக்கியதைவிட மெதுவாக இறக்குங்கள். தூக்கும்போது எடை பெருவிரலுக்கும் இரண்டாவது விரலுக்கும் நடுவே இருக்கட்டும், சுண்டுவிரல் பக்கம் புரள வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, அப்படி இரண்டு மூன்று தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எளிதாக வந்ததும் ஒற்றைக் காலுக்கு மாறலாம். கெண்டைக்காலும் டிபியாலிஸ் போஸ்டீரியரும் உள்ளங்கால் தசைகளும் சேர்ந்து வேலை செய்யும் அசைவு இது. நடையில் தள்ளும் கட்டத்தின் அசைவும் இதுதான். இதோடு கெண்டைக்காலை நீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, சற்று மடக்கி ஒரு முறை, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம். இரண்டு நிலைகளிலும் வெவ்வேறு தசைகள் நீளும். வித்தியாசம் தெரியச் சில வாரங்கள் ஆகும். செய்யும்போது வலி கூடிக்கொண்டே போனாலோ, மறுநாள் காலையில் முதல் அடி வைக்கும்போது முன்பைவிட அதிகமாக வலித்தாலோ எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். அப்படியும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போய், நிற்கும்போது மட்டும் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.